பத்து சென்டிமீட்டர் கூடுதல்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கடைக்கு மேலே இருக்கும் எல்இடி போர்டை அளந்தது. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் ஏணியில் நின்றார். நான் ஸ்டூலில் ஏறி டேப்பின் முனையைப் பிடித்திருந்தேன்.

எங்கள் டேப்பில் முதல் பத்து சென்டிமீட்டர் கிடையாது. என்றைக்கோ ஒடிந்துபோனது. பத்தாவது கோட்டிலிருந்து பிடித்து, வரும் அளவில் பத்தைக் கழிக்க வேண்டும். அப்பா சரியாகத்தான் பிடிப்பார். கழிக்க மறந்துவிடுவார். எங்கள் வீட்டு ஜன்னல் திரைச்சீலை தரையில் பத்து சென்டிமீட்டர் புரளும். புது டேப் வாங்கச் சொன்னால், "இதுக்கு இன்னா கேடு?" என்பார்.

"இருநூத்தி ஆறு," என்றார் ஏணியிலிருந்து.

"பத்து கழிக்கணும்பா."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. டேப்பைப் பார்த்தபடியே நின்றார். "ஆமால்ல," என்றார் பிறகு. "நூத்தித் தொண்ணூத்தாறு."

"அளக்கவே வேணாம்பா. ஒரு பேனல் முப்பத்திரண்டு சென்டி. ஆறு பேனல். ரெண்டு பக்கமும் சட்டம் ரெண்டு ரெண்டு. நூத்தித் தொண்ணூத்தாறுதான் வரும்."

"தெரிஞ்சுக்கினே இன்னாத்துக்கு ஸ்டூல் மேல ஏறி நிக்கிற? எறங்கு. விழுந்து வைக்கப் போற."

உயரம் நாற்பத்தாறு என்று படித்தார். இந்தத் தடவை அவரே பத்தைக் கழித்து முப்பத்தாறு என்று எழுதினார். நான் மதியப் பேருந்தில் சென்னைக்குக் கிளம்பிவிட்டேன்.

புதன்கிழமை காலை கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு. வயது அறுபத்து மூன்று.

அப்பாவின் பெயர் வேடியப்பன். கீழ்பென்னாத்தூர் பக்கம் இரண்டு ஏக்கரில் மல்லாட்டை போட்டுக்கொண்டிருந்தவர். மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஒரு வருடம் வாங்கிய விதையில் பாதிகூட முளைக்கவில்லை. பையின் மேல் தொண்ணூறு சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. விற்றவரிடம் போய்க் கேட்டதற்கு, "உன் நிலம் சரியில்ல," என்றாராம். அடுத்த வருடம் அப்பா திருவண்ணாமலைக்கு வந்து, கிரிவலப் பாதையில் போய்ச் சேரும் ஒரு தெருவில் தானே விதைக் கடை வைத்தார்.

அதன் பிறகு எந்தப் பையின் அச்சையும் அவர் நம்பியதில்லை. வருகிற ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் நூறு கொட்டையை எண்ணி எடுத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைப்பார். பத்தாம் நாள் பிரித்து, முளைத்ததை எண்ணி, கடை வாசலில் இருந்த கரும்பலகையில் எழுதுவார். 'முளைப்பு 91.' கம்பெனி ஆட்கள் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

"எங்க பையில தொண்ணூத்தஞ்சு போட்டிருக்குதேங்க," என்று ஒருவர் இழுத்தது ஞாபகம் இருக்கிறது.

"உங்க பை உங்களுக்கு. என் சாக்கு எனக்கு," என்றார் அப்பா.

நான் மின்னணுவியல் படித்தேன். சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. நானும் அதையேதான் செய்கிறேன். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் அளந்து பார்ப்பது.

போன ஆவணியில் அந்தக் கரும்பலகையை எடுத்துவிட்டு எல்இடி போர்டு மாட்டியது நான்தான். பேனல்களை வாங்கி, சட்டம் அடித்து, நானே பொருத்தினேன். சிவப்பு எழுத்து. அப்பா கைபேசியிலேயே வாசகத்தை மாற்றிக்கொள்ளலாம். யாரும் விளையாட்டாகக் கை வைத்துவிடக் கூடாது என்று ஒளியின் அளவையும் எரியும் நேரத்தையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன். போர்டு அணைந்தால் என் கைபேசிக்கு அறிவிப்பு வரும்படியும் செய்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

தை மாதம் மாநகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. எங்களுக்கு மட்டும் அல்ல. தெருவில் எல்இடி போர்டு வைத்திருந்த ஒன்பது கடைகளுக்கும். கிரிவலப் பாதையைத் தொடும் தெருக்களில் இப்படிப்பட்ட போர்டுகளுக்கு அனுமதி வாங்க வேண்டும். எழுத்து ஓடக் கூடாது. ஒரு வாசகம் எட்டு விநாடியாவது அசையாமல் நிற்க வேண்டும். இரவு ஒன்பதுக்கு மேல் ஒளியைக் கால்பங்காகக் குறைக்க வேண்டும். அளவு, உயரம், தெரு முனையிலிருந்து தூரம் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் கழற்றிவிடுவார்கள். பொதுமக்கள் மனுவின் பேரில் நடவடிக்கை என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது.

அந்த மாதம் முழுக்க அப்பா சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னாள். அம்மாவின் பெயர் ஜோதியம்மாள். எதையும் கூட்டிச் சொல்கிறவள் அல்ல. "படுத்தா பொரண்டுக்கினே இருந்தாரு. கேட்டா, ஒண்ணுமில்ல தூங்குன்றாரு."

எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது. அந்த மனுவை எழுதியது யார்? அவன்தான் என் அப்பாவைக் கொன்றவன். அப்படித்தான் நினைத்தேன். பதினாறு நாளும் அதைத்தான் நினைத்தேன்.

கருமாதி அன்று தெருக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். நான் சாப்பாடு பரிமாறியபடி முகங்களைப் பார்த்துக்கொண்டு போனேன். யார் கண்ணைத் தாழ்த்துகிறார்கள், யார் அளவுக்கு மீறி அழுகிறார்கள். பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கும் சக்திவேல் மட்டும் உள்ளே வரவில்லை. வாசலில் செருப்போடு நின்றார். அம்மா கூப்பிட்டும் இலையில் உட்காராமல் போய்விட்டார்.

சக்திவேலுக்கும் அப்பாவுக்கும் மழைக்காலத்தில் ஒரு சண்டை. எங்கள் போர்டு வெளிச்சத்துக்கு ஈசல் வருகிறது என்று. "உன் போர்டைப் பாக்க வர்ற ஈசலெல்லாம் என் சாம்பார்லதான் வந்து விழுவுது! தாளிச்சது போதாதுன்னு இது வேற!" என்று தெருவே சிரிக்கக் கத்தினாராம். அவருக்கும் ஒரு சின்ன போர்டு உண்டு. 'சூடான இட்லி, பொங்கல்' என்று ஓடும். நோட்டீஸ் அவருக்கும் வந்தது. தன் கடைக்கும் வரும் என்று எதிர்பார்த்திருக்கமாட்டார் என்று கணக்குப் போட்டேன். தைக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அன்று மாலை அப்பாவின் மேசையில் ஒரு கோப்பு கிடைத்தது. உள்ளே ஒன்பது படிவங்கள். ஒன்பது கடைக்கும் அப்பாவே எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். எட்டு முடிந்திருந்தன. ஒன்பதாவதில் சக்திவேல் என்ற பெயர் மட்டும் இருந்தது. மற்ற கட்டங்கள் காலி. அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். அதனால்தான் அவனுக்கு மட்டும் எழுதவில்லை.

மறுநாள், வெள்ளிக்கிழமை, மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். படிவம் கொடுக்கக் கடைசித் தேதி வரும் திங்கட்கிழமை. அங்கே இருந்த பெண் அதிகாரி பொறுமையாக விதியை விளக்கினார்.

"பௌர்ணமிக்கு லட்சம் பேர் நடக்கிற எடம்மா இது. ஓடுற எழுத்த அண்ணாந்து படிச்சுக்கினே முன்னாடி போறவங்க மேல முட்டிக்கிறாங்க. கால்ல செருப்பு வேற இல்ல. மனு ஒரு போர்டு மேலதான் வந்துது. ஒண்ணுக்கு மட்டும் எப்படி நோட்டீஸ் குடுக்கிறது? விதின்னா எல்லாருக்கும்தான்."

"எந்தப் போர்டு மேல?"

அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுதுதாம்மா." மனுவைத் திருப்பிக் காட்டினார்.

தட்டச்சு செய்த ஒரு பக்கம். ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்தது. கீழே கையெழுத்து இல்லை. 'இப்படிக்கு, பொதுமக்கள்.' விதைக் கடை போர்டின் ஒளி அதிகமாக இருக்கிறது, மூன்று விநாடிக்கு ஒருமுறை மின்னி மாறுகிறது, மாலை ஏழு மணிக்கு மேல் அதை அணைக்க உத்தரவிட வேண்டும். போர்டின் அளவு: அகலம் 206 செ.மீ., உயரம் 46 செ.மீ.

நான் அந்த வரியிலேயே நின்றேன். சரியான அளவு 196, 36. ஒரு அளவில் பிழை வந்தால் கை தவறு. இரண்டிலும் ஒரே பிழை வந்தால் அது கருவியின் பிழை. பத்து சென்டிமீட்டர் ஒடிந்த டேப் இந்தத் தெருவில் ஒன்றுதான்.

ஏழு மணி என்று எழுதியிருந்ததையும் படித்தேன். விதியில் ஒன்பது. ஈசலுக்கு ஏழு என்ன, ஒன்பது என்ன என்று தோன்றியது. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டேன். சோதனைப் பிரிவில் இருக்கிறவள் செய்யக் கூடாத தவறு.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "நம்ம டேப்ப யாராவது இரவல் வாங்கினாங்களா?"

"சக்திவேல்தான். ஐப்பசியில. ஏதோ கதவு மாத்தணும்னு."

"திருப்பிக் குடுத்தாரா?"

"ரெண்டு நாள் கழிச்சு. ஏன் கேக்கிற?"

டேப்பை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டிபன் கடைக்குப் போனேன். காலைக் கூட்டம் ஓய்ந்திருந்தது. சக்திவேல் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்து அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அன்று கூப்பிடவில்லை.

"மனு எழுதினது நீங்கதானே?"

துடைக்கிற கை நின்றது. "யார் சொன்னது?"

நான் டேப்பை மேசையில் வைத்தேன். 206, 46 என்று சொன்னேன். கழிக்காத பத்தைச் சொன்னேன். ஐப்பசியைச் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டேப்பை எடுத்து, ஒடிந்த முனையைக் கட்டைவிரலால் தடவினார். "உள்ள வா," என்றார்.

சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு கதவு. வேப்பமரப் பலகை, இன்னும் வண்ணம் பூசவில்லை. அவர் அதைத் திறந்து, ஒரு விரலால் தள்ளினார். கதவு நிலைக்குள் போய்ச் சத்தமில்லாமல் பொருந்தியது. சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி.

"இந்த டேப்புல அளந்து செஞ்ச கதவுதான் பாப்பா இது. பத்து கழிக்காம ஆசாரிகிட்ட அளவு குடுத்திருந்தா இந்நேரம் இது நிலையிலயா நிக்கும்? செவுத்துல சாஞ்சுக்கினு நிக்கும்." திறந்து, மறுபடி சாத்திக் காட்டினார். "இந்தத் தெருவுல கழிக்க மறக்கிற ஆளு ஒருத்தர்தான்."

நானும் கதவை ஒருமுறை திறந்து சாத்திப் பார்த்தேன்.

"நான் பாத்தேன்," என்றார். "ஐப்பசி மழை விட்ட காலை. மாவு அரைக்க வந்தேன். உங்கப்பா ஏணி போட்டு ஏறிக்கினு இருக்காரு. டேப்போட ஒரு முனைய துணி கிளிப்பு போட்டு போர்டுல மாட்டியிருக்காரு. அது நழுவி நழுவி விழுவுது. எறங்கி வந்து மாட்றாரு, மறுபடி ஏறுறாரு. கூப்பிட்டிருந்தா நான் வந்து பிடிச்சிருப்பேன். எதுக்கு அளக்கிறாருன்னு அப்போ தெரியல. தையில ஒம்பது பேருக்கும் நோட்டீஸ் வந்துதே, அப்பதான் புரிஞ்சுது. நேரா போயி, 'நீதானே?'ன்னு கேட்டேன். பேசல. மூஞ்சியத் திருப்பிக்கினு உள்ள போயிட்டாரு. அதோட சரி."

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னா வுடுவானுங்களா? மத்த ஏழு பேரும் உங்க கடையில வந்து நிப்பானுங்க." துணியை உதறித் தோளில் போட்டார். "அன்னிக்கு எலையில உக்காராதது தப்புதான். இதை வயித்துல வச்சுக்கினு உங்கம்மா கையால எப்படி வாங்கித் தின்றது?"

"தன் போர்டு மேல தானே ஏன் மாமா மனு குடுக்கணும்?"

"அத என்னாண்ட கேக்காத. கன்னியம்மாளக் கேளு."

கன்னியம்மாள் எங்கள் கடைக்கு நேர் எதிரே மாடி அறையில் குடியிருக்கிறார். பூ வியாபாரம். விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்து மார்க்கெட்டுக்குப் போகிறவர். மாடி ஏறிப் போனபோது சம்பங்கி தொடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் ஒரு யூரியா சாக்கு ஆணி அடித்துத் தொங்கியது. ஜன்னல் சட்டத்துக்கு வெளியே சுவரில் பத்து சென்டிமீட்டர் நீண்டிருந்தது. அதை நான் அளக்க வேண்டியிருக்கவில்லை.

"உங்கப்பா மாட்டினதுதான் கண்ணு," என்றார். "நான் ஏழு மணிக்குப் படுத்தாத்தான் மூணு மணிக்கு எழுந்துக்க முடியும். அந்த லைட்டு செவுத்துல செவப்பா பளிச்சு பளிச்சுன்னு அடிக்குது. கண்ண மூடினாலும் உள்ள அடிக்குது. அண்ணாகிட்ட சொன்னேன். சாக்க மாட்டினாரு. காத்தே வரல, வெந்து போறேன். மறுபடி சொன்னேன். அணைச்சாரு பாவம். அணைச்ச கொஞ்ச நேரத்துல மறுபடி எரியுது. இன்னாண்ணே இதுன்னா, 'எம் பொண்ணு மெட்ராஸ்லருந்து பாத்துக்கினே இருக்குதும்மா, அணைச்சா ஒடனே போன் பண்ணுது'ன்றாரு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அவரு."

"நானும் அதத்தான் சொன்னேன். 'ஆசையா செஞ்சு மாட்டிச்சு, வேணாம்னு எப்படிம்மா சொல்றது? கவர்மெண்ட் ஆர்டர்னா கம்முனு ஒத்துக்கும்'னாரு. நான் சிரிச்சேன். நெசமாவே எழுதிக் குடுப்பாருன்னு நான் கண்டனா? இத்தினி பேருக்கு வந்துதும் இங்கதான் வந்து உக்காந்தாரு. 'ஒரு லைட்ட அணைக்கப் போயி தெருவையே அணைச்சிடுவேன் போலக்குதே'ன்னாரு." அவர் நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். "நான் சொன்னதுனாலதான் இதெல்லாம். இல்ல கண்ணு?"

இல்லை என்றேன். கீழே இறங்கி வந்தேன்.

கடை உள்ளே அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தேன். போர்டின் பதிவுகள் அனைத்தும் என்னிடம் இருக்கின்றன. ஆவணி, புரட்டாசியில் மூன்று முறை அணைந்திருக்கிறது. மூன்றும் மாலை ஏழைத் தாண்டியதும். மூன்று முறையும் கால் மணி நேரத்துக்குள் திரும்ப எரிந்திருக்கிறது. இடையில் நான் கூப்பிட்டிருக்கிறேன். "போர்டு ஏம்பா ஆஃப்ல இருக்கு?" "கரண்டு இல்ல பாப்பா. இதோ வந்துடுச்சு." அந்த மூன்று நாளும் கரண்டு இருந்திருக்கிறது. கடையின் மற்ற கருவி, பில் போடும் இயந்திரம், அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்ததற்குப் பதிவு இருக்கிறது. ஒரு தடவைகூட நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அப்பா சொன்னதை நம்பினேன். என் சந்தேகத்துக்கு அவர் ஒருவர்தான் விலக்கு.

ஒரு முறை கேட்டும் இருக்கிறார். "இந்த லைட்டு ராத்திரியில கொஞ்சம் ஜாஸ்தியா இல்ல?" அப்போதுதான் தூரத்திலிருந்து தெரியும் என்று நான் பதில் சொன்னேன். ஒளியைக் குறைப்பது பத்து விநாடி வேலை.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். போர்டில் அவர் செவ்வாய்க்கிழமை எழுதியது அப்படியே இருந்தது. 'மல்லாட்டை விதை. இன்றைய முளைப்பு 93.' பதினெட்டு நாளாக அது இன்றைய முளைப்பு. உள்ளே போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். என் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. போர்டு இணைப்பில் இல்லை. நான் யாரையும் கூப்பிடவில்லை.

அம்மா சாப்பிடக் கூப்பிட வந்தாள். "மனு எழுதினவன் யாருன்னு தெரிஞ்சுதா?"

"பொதுமக்கள்னு போட்டிருக்குதும்மா. பேர் இல்ல."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சோறு ஆறிப் போவுது," என்றாள்.

சாப்பிட்டுவிட்டுப் படிவங்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். முதல் ஐந்து கடைகளிலும் அகலம், உயரம் இரண்டும் பத்து கூடுதல். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எழுதியவை. எங்கள் கடை சரி. அதற்குப் பிறகு எழுதிய இரண்டும் சரி. ஞாயிறு ஏணியில் அவர் ஏன் பேசாமல் நின்றார் என்பதும் புரிந்தது. ஐப்பசியில் கொடுத்த அளவு ஞாபகம் வந்திருக்கும். ஐந்து படிவங்களையும் புதிதாக எழுதினேன்.

கோப்பின் கடைசித் தாளில் அவர் கையெழுத்தில் ஒரு பட்டியல். ஒவ்வொரு கடையின் பெயருக்கும் எதிரே ஒரு கோடு. கடைசி வரியில் மட்டும் கோடு இல்லை. 'சக்தி: அளவு எடுக்கணும். போய்ச் சொல்லணும்.'

அளவை நான் எடுக்கலாம். இரண்டாவதை அவர்தான் செய்திருக்க வேண்டும்.

ஒன்பதாவது படிவத்தையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு மறுபடி டிபன் கடைக்குப் போனேன். சக்தி மாமா போண்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். படிவத்தில் இருந்த அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தார். தன் பெயரை வாய்க்குள்ளேயே படித்தார். வாங்க நீட்டிய கையில் மாவு இருந்ததால் வாங்கவில்லை.

"இப்போ கையில வேல," என்றார். "அஞ்சு மணிக்கு வா. ஏணி எங்கிட்ட இல்ல, உங்களுத எடுத்தாந்துடு."

மணி நான்கு இருபது. ஏணியைத் துடைத்து வாசலில் சாத்தி வைத்திருக்கிறேன்.